விலை குறைந்த மரவாசனைச் செண்ட்: மதியத்துக்குள் போய்விடுகிறதா, என் மூக்குக்குத்தான் தெரியவில்லையா?

பென்சில்சீவல் (கேள்வி):

வணக்கம். எனக்கு வயது முப்பத்து நான்கு. இதுவரை செண்ட் என்று ஒன்றைத் தேடிப் போய் வாங்கியதில்லை. யாராவது பரிசாகக் கொடுத்ததைப் பூசிக்கொள்வேன். தீர்ந்தால் அத்தோடு விட்டுவிடுவேன். போன மாதம்தான் முதல்முறையாக நானே முகர்ந்து பார்த்து ஒன்றை வாங்கினேன். ஆண்களுக்கான மரவாசனை வகை. கடையில் அது இருந்தது விலை குறைந்தவற்றை வைக்கும் கீழ்த்தட்டில். விலைக்காக நான் அதை எடுக்கவில்லை. காகிதப் பட்டையில் முகர்ந்ததும் புதிதாகச் சீவிய பென்சிலின் வாசம் வந்தது. என் அப்பா கட்டட வரைபடம் வரைபவர். துருவியைத் தொடமாட்டார், கத்தியால்தான் சீவுவார். சீவல்கள் சுருள் சுருளாக மேசை விளிம்பில் கிடக்கும். அந்த மேசையின் இழுப்பறையைத் திறந்தால் இதே வாசம் வரும். அவர் மறைந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. பட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் திரும்பி வந்து வாங்கிவிட்டேன்.

காலை எட்டு மணிக்குக் கழுத்தில் இரண்டு, மணிக்கட்டுகளில் ஒவ்வொன்று, சட்டையின் மார்பில் இரண்டு என ஆறு முறை அழுத்துகிறேன். முதல் பத்து நிமிடம் மருந்து நெடி போல மூக்கைக் குத்துகிறது. பிறகு மெல்ல அடங்கி, நான் விரும்பிய பென்சில் வாசம் எழுகிறது. அந்த அரை மணி நேரம் எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. பதினோரு மணிக்குப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. மணிக்கட்டை மூக்கோடு அழுத்திப் பார்த்தாலும் வெறும் தோல்தான். அதனால் சிறு குப்பியில் கொஞ்சம் ஊற்றிப் பையில் வைத்திருக்கிறேன். பதினோரு மணிக்கு இன்னும் மூன்று முறை.

சென்ற வியாழக்கிழமை அப்படிப் பூசிக்கொண்டு இருக்கைக்குத் திரும்பினேன். நான்கு பேர் உட்காரும் சிறிய அறை. எதிரே இருக்கும் அக்கா எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “தம்பி, எனக்குத் தலை வலிக்கிறது” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்று இரவு துவைக்கப் போட்டிருந்த சட்டையை எடுத்த மனைவி, “இதில் இன்னும் கமகமவென்று இருக்கிறதே” என்றார். நான் வாங்கி முகர்ந்தேன். ஏதோ லேசாகத்தான் தெரிந்தது.

மலிவானது என்பதால் நிற்கவில்லையா? அல்லது நிற்பது எனக்குத்தான் தெரியவில்லையா? விலை உயர்ந்த ஒன்றுக்கு மாறிவிடு என்கிறான் நண்பன். எனக்கு இந்த வாசத்தை விட மனமில்லை. அந்த அக்காவுக்குத் தொந்தரவு கொடுக்கவும் மனமில்லை. இதைச் சரியாகப் பூசும் முறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்மாடி:

காலையில் ஆறும் பதினோரு மணிக்கு மூன்றும் சேர்த்தால் ஒன்பது. சிறிய அறைக்கு இது மிக மிக அதிகம். முதலில் அந்தக் குப்பியைப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உளிப்பட்டறை:

தம்பி, நான் இருபத்தேழு ஆண்டுகளாகத் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். பதினான்கு ஆண்டுகளாக விலை குறைந்த மரவாசனைச் செண்ட் ஒன்றையே பூசுகிறேன். அதனால் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைத்து எழுதுகிறேன்.

உங்கள் செண்ட் எங்கும் போய்விடவில்லை. இரவில் உங்கள் மனைவி முகர்ந்தது அதைத்தான். மனித மூக்கு ஒரே வாசத்தில் தொடர்ந்து இருந்தால் சில நிமிடங்களிலேயே அதைக் கணக்கிலிருந்து தள்ளிவிடும். என் பட்டறையில் இது தினமும் நடக்கிறது. பைன் பலகையை ரம்பத்தில் விட்டால் முதல் இரண்டு மூன்று பலகைகளுக்குப் பிசின் வாசம் நெஞ்சு நிறைய வரும். அதன்பின் எனக்கு ஒன்றும் தெரியாது. மதியம் உள்ளே வருகிறவர் வாசலிலேயே நின்று, “என்ன வாசம், என்ன வாசம்!” என்பார். நான் தெருவில் பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்தால் எனக்கும் தெரியும். உங்கள் கழுத்திலும் மணிக்கட்டிலும் இருக்கும் செண்ட் நாள் முழுக்க உங்கள் மூக்குக்கு அருகிலேயே இருக்கிறது. பிறகு அது எப்படித் தெரியும்? பதினோரு மணிக்கு நீங்கள் போட்டுக்கொண்டது, இல்லாத ஒன்றை ஈடுகட்ட அல்ல. இருந்ததன் மேலேயே இன்னும் மூன்று முறை ஏற்றினீர்கள். எதிரே இருந்தவர் மொத்தத்தையும் சுமந்திருக்கிறார்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். காலையில் ஒரு கைக்குட்டையில் ஒரே ஒருமுறை அழுத்தி, நீங்கள் போகாத அறையில் தொங்கவிடுங்கள். அன்று உடம்பில் எதுவும் வேண்டாம். மாலை வந்து அந்த அறைக் கதவைத் திறங்கள். எவ்வளவு நிற்கிறது என்று அப்போது தெரியும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: துணியில் வாசம் தோலைவிட நெடுநேரம் தங்கும், தோலில் அவ்வளவு நேரம் எதிர்பார்க்கக்கூடாது. வெள்ளைச் சட்டையில் நேராக அடிக்காதீர்கள். என் சட்டை ஒன்றில் மஞ்சளாகப் படிந்த கறை கடைசிவரை போகவேயில்லை.

அடுத்தது அந்த மருந்து நெடி. செண்ட் பாட்டிலில் இருப்பதில் பெரும்பகுதி ஆல்கஹால். ஓ டு டுவாலெட் என்று எழுதியிருந்தால் வாசனைப் பொருள் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்திலிருந்து பதினைந்து பங்கு. ஓ டு பர்ஃபம் என்றால் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அழுத்தியதும் ஆல்கஹாலும், இலேசாகப் பறக்கும் எலுமிச்சை, மிளகு போன்ற மேல் வாசங்களும் ஒன்றாகக் கிளம்பும். விலை குறைந்தவற்றில் இந்த இடம்தான் பெரும்பாலும் முரடாக இருக்கும். எங்கள் தொழில் மொழியில் சொன்னால், பலகை நல்ல பலகைதான். மூட்டுகளை இழைக்கத்தான் நேரம் செலவழிக்கவில்லை. மரவாசம் கனமான மூலக்கூறுகளால் ஆனது, மெதுவாகத்தான் ஆவியாகும். அதனால் அது கடைசியில் வந்து கடைசிவரை நிற்கும். மரவாசனையில் மலிவானதை வாங்குவதில் தவறே இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். விலை உயர்ந்த எலுமிச்சைச் செண்ட் ஒன்று மறைந்து போன பிறகும் உங்கள் கீழ்த்தட்டுச் சிடார் மரவாசம் நின்றுகொண்டிருக்கும்.

ஆக, அந்த முரட்டுப் பத்து நிமிடத்தை நீங்கள் வீட்டிலேயே கழித்துவிட வேண்டும். குளித்துத் துடைத்ததும், சட்டை போடுவதற்கு முன், நெஞ்சின் நடுவில் ஒருமுறை. ஒரு சாண் தள்ளிப் பிடித்து அழுத்துங்கள். பிடரியில் இன்னொரு முறை. தேய்க்க வேண்டாம், தானாகக் காயட்டும். தோல் வறண்டிருந்தால் முதலில் வாசனை இல்லாத களிம்பைத் தடவிக்கொள்ளுங்கள், கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு சட்டை. இந்த இரண்டோடு நிறுத்திவிடுங்கள். நெஞ்சில் இருப்பது உடம்புச் சூட்டில் மெதுவாகச் சட்டைக்குள்ளிருந்து மேலே வரும். குனிந்து நிமிரும்போது சட்டென்று ஒருமுறை உங்களுக்கே வாசம் அடிக்கும். கழுத்துக்கு முன்பக்கம் வேண்டாம், உங்கள் மூக்கைக் களைக்க வைப்பது அந்த இடம்தான்.

நான் இதைக் கற்றுக்கொண்டது நல்ல விதத்தில் அல்ல. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது ஐந்தாறு முறை அடித்துக்கொண்டு, பட்டறைப் பையனோடு மூடிய வண்டியில் இரண்டு மணி நேரம் போனேன். பாதி வழியில் அவன் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தி எடுத்தான். அதுவரை வாய் திறக்கவேயில்லை, முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று அடக்கிக்கொண்டிருந்திருக்கிறான். அந்தப் பையனின் வெளுத்த முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. உங்கள் அக்கா சொல்லிவிட்டார். சொல்லாமல் இருப்பவர்கள்தான் அதிகம்.

பென்சில் வாசம் என்றீர்களே, அதில் நீங்கள் ஏமாறவில்லை. ஒரு காலத்தில் பென்சிலுக்குப் பெரிதும் பயன்பட்டது விர்ஜீனியா சிடார். பெயர்தான் சிடார், உண்மையில் ஜூனிபர் இனம். அதன் எண்ணெயை அறுவை ஆலைகளில் விழும் தூளிலிருந்தும் கழிவுத் துண்டுகளிலிருந்தும் வடிக்கிறார்கள். சந்தனத்தைப் போல வைரம் முற்றப் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை. அதனால் குறைந்த விலையிலும் சிடார் வாசத்தைச் சிடாராகவே கொடுக்க முடிகிறது. மலிவான ஒன்றில் ரோஜாவையோ மல்லிகையையோ தேடியிருந்தால் நான் வேறு பதில் எழுதியிருப்பேன்.

துளிக்குழாய்:

உளிப்பட்டறை ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். வாசனைக் கலவை தயாரிக்கும் ஆய்வுக்கூடத்தில் ஆறு ஆண்டுகள் எடை போடும் வேலை பார்த்தேன்.

நீங்கள் பூசுவது விலை குறைந்த மரவாசனை என்றால் அதில் ஐசோ இ சூப்பர் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வாசனைப் பொருள் தயாரிக்கும் ஐஎஃப்எஃப் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1973இல் உருவான செயற்கை மூலக்கூறு. மென்மையான, உலர்ந்த சிடார் போன்ற வாசம். எங்கள் கூடத்தில் அது லிட்டர் கணக்கில் வரும், அவ்வளவு சாதாரணம். விலை உயர்ந்த செண்டுகளிலும் தாராளமாக ஊற்றுகிறார்கள். 2006இல் வந்த மாலிக்யூல் 01 என்ற செண்டில் வாசனைப் பொருள் அது ஒன்றுதான். இதற்கு ஒரு குணம் உண்டு: சிலருக்குச் சுத்தமாகத் தெரியாது, பலருக்கு விட்டு விட்டுத் தெரியும். நான் எடை போடும்போது பாட்டிலைத் திறந்து முகர்ந்தால் காலி பாட்டில் போல இருக்கும். மூடி வைத்துவிட்டு வாசல் தாண்டும்போது என் கோட்டிலிருந்து அடிக்கும். ஆகவே பதினோரு மணிக்கு உங்கள் மணிக்கட்டில் வெறும் தோல் தெரிந்ததற்கு மூக்குக் களைப்பு மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

தலைவலிக்கு நான் சந்தேகப்படுவது வேறொரு கூட்டத்தை. மர அம்பர் வகை என்போம். நார்லிம்பனால் போன்றவை. மிகச் சிறிய அளவிலேயே அறையை நிறைக்கும். உலர்ந்த, ஊசி போன்ற வாசம். கொஞ்சம் செலவில் நெடுநேரம் நிற்கவைக்க இதைவிட எளிய வழி இல்லை என்பதால் மலிவான ஆண்கள் செண்டுகளில் கை தாராளமாக விழுந்துவிடுகிறது. இதை உணரும் திறன் ஆளுக்கு ஆள் வெகுவாக மாறுபடும். நீங்கள் அழகான பென்சில் சீவலை முகர்கிறீர்கள். அதே காற்றில் எதிரே இருப்பவர் மூக்கில் ஊசி இறங்குகிறது. இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அளவைக் குறைத்தும் அவருக்கு வலித்தால், இந்தச் செண்ட் அந்த அறைக்கு ஆகாது என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

மாற்ற வேண்டி வந்தால் வெட்டிவேர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். உலகமெல்லாம் வெட்டிவர் என்று எழுதுகிறார்களே, நம் சொல்தான் அது. வாசம் அந்தப் புல்லின் வேரில்தான் இருக்கிறது. வடித்தால் எண்ணெய் தேன் போலக் கெட்டியாக, மெதுவாக இறங்கும். ஒரு துளி விழக் காத்திருந்து காத்திருந்து என் கை வலித்திருக்கிறது. லாலிக் நிறுவனம் 2006இல் கொண்டுவந்த ஆங்க்ர் நுவார் என்ற செண்டைக் குறைந்த விலையில் பலர் வாங்குகிறார்கள். நத்தலி லோர்சோன் உருவாக்கியது. மழை நின்ற பிறகு ஈர மண்ணில் வேர் கிளறியது போல, இருண்ட வாசம். எல்லோருக்கும் பிடிக்காது, எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதில் பென்சில் இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜன்னலோரம்:

நான் அந்த அக்காவின் இடத்தில் பல ஆண்டுகள் இருந்தவள். எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: நாளை போய் அவரிடம் நேராகப் பேசுங்கள். “இனி குறைத்துக்கொள்கிறேன், அப்போதும் தொந்தரவாக இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்” என்று. தலை வலிக்கிறது என்று சொல்ல அவர் எத்தனை நாள் யோசித்திருப்பார் தெரியுமா? நான் ஒரு முறை சொல்ல மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். சொன்ன பிறகு அந்த நபர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

எனக்குச் செண்ட் பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். விடுமுறை நாளில் வீட்டில் நானும் பூசுகிறேன். ஆண்களுக்கு என்று அட்டையில் அச்சிட்ட சந்தனமும் சிடாரும் கலந்த ஒன்றைத்தான். மரத்துக்கு ஆண் என்ன, பெண் என்ன?

துளிக்குழாய்:

ஜன்னலோரம் அவர்கள் சொல்வது சரி. 1992இல் ஜப்பானின் ஷிசெய்டோ நிறுவனம் பெண்களுக்காகவே சிடாரை நடுவில் வைத்து ஃபெமினிதே டு புவா என்ற செண்டைக் கொண்டுவந்தது. அட்டையில் இருப்பது விற்பனைப் பிரிவு மட்டும்தான்.

பென்சில்சீவல்:

பதினாறு நாட்கள் கழித்து எழுதுகிறேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

குப்பியை அன்றே எடுத்துவிட்டேன். மறுநாள் அக்காவிடம் பேசினேன். முதலில், “அதெல்லாம் ஒன்றுமில்லை தம்பி” என்றார். ஜன்னலோரம் எழுதியதை நினைத்துக்கொண்டு இன்னொரு முறை கேட்டேன். அப்போதுதான் சொன்னார்: இரண்டு வாரமாகவே மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்டேன். முதல் மூன்று நாள் எதுவும் பூசாமல் போனேன். பிறகு உளிப்பட்டறை ஐயா சொன்னபடி நெஞ்சில் ஒன்று, பிடரியில் ஒன்று, சட்டைக்கு முன். ஒரு வாரம் கழித்து அவரிடம் கேட்டேன். இன்றும் போட்டிருக்கிறாயா என்று அவர் திரும்பக் கேட்டார். அதன்பின் பிடரியையும் விட்டுவிட்டேன். இப்போது நெஞ்சில் ஒன்று மட்டும்தான்.

கைக்குட்டைச் சோதனையும் செய்தேன். காலை ஏழரைக்குத் தொங்கவிட்டது. மாலை ஆறரைக்குக் கதவைத் திறந்தபோது அப்பாவின் அறைக்குள் நுழைந்தது போல இருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

அதன் பிறகு ஒரு வேலை செய்தேன். பரண்மேல் இருந்த அப்பாவின் பென்சில் பெட்டியை இறக்கி, ஒரு பென்சிலை எடுத்துச் செண்டோடு பக்கத்தில் வைத்து முகர்ந்தேன். பென்சிலில் ஒன்றுமே இல்லை. வெறும் பழைய தூசி வாசம். மனம் மிகவும் சோர்ந்துவிட்டது. நான் நினைவில் வைத்திருப்பது இந்தச் செண்டைத்தானோ, அப்பாவின் மேசையை இல்லையோ என்று தோன்றுகிறது.

உளிப்பட்டறை:

மேல்பக்கத்தில் வாசம் போயிருக்கும் தம்பி, உள்ளே போயிருக்காது. பழைய பலகையைக் கையில் வாங்கினால் எங்களுக்கும் எதுவும் தெரியாது. இழைப்புளியை ஒரு தள்ளு தள்ளினால்தான் மரம் பேசும். சீவின முனையைப் பாருங்கள். மரம் செம்பழுப்பாக, ரேகை நெருக்கமாக இருக்கிறதா? இருந்தால் துருவியில் போடாதீர்கள். கூரான கத்தியால் ஒரே ஒரு சீவல், மெல்லியதாக, ரேகையின் போக்கில் எடுங்கள். எடுத்த உடனே முகருங்கள்.

செண்ட் பாட்டிலை ஜன்னல் பக்கம் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், வெளிச்சமும் சூடும் அதற்கு ஆகாது. குளியலறையும் வேண்டாம். அலமாரி இருட்டு போதும்.

பென்சில்சீவல்:

செம்பழுப்புதான் ஐயா. இப்போதுதான் சீவினேன். கத்தி அவருடையது. ஒரு சுருள், சுண்டுவிரல் நகம் அளவு, உள்ளங்கையில் வைத்திருக்கிறேன். வாசம் இருக்கிறது. செண்டில் இல்லாத ஒரு இனிப்பு இதில் இருக்கிறது. கொஞ்சம் மிளகு போலவும் அடிக்கிறது. மனைவியை எழுப்பி முகரச் சொன்னேன். அவரும் இருக்கிறது என்றார்.